கர்ப்பிணியின் இரத்தத்தில் பாக்டீரியா: ஆய்வகத்தில் விரைந்து கண்டறியும் வழிமுறை

இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வார்டில் எடுத்த இரத்தக் குப்பி, காலை எட்டு மணிக்கு ஆய்வக ஊழியர் பணிக்கு வந்த பிறகே, கிருமி வளர்ந்தால் ஒலி எழுப்பும் கருவிக்குள் ஏறுகிறது என்றால், போன ஒன்பது மணி நேரத்தை எந்த நவீன இயந்திரத்தாலும் மீட்டுத் தர முடியாது. இரத்தத்தில் பாக்டீரியா கலந்த நோயை விரைவாகக் கண்டறிவது பற்றிப் பேச்செடுத்தால், அது உடனே கிருமிகளின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பேனல்களின் விலையில் போய் முடிகிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் நேரம் கரைவது ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடைவெளிகளில்தான் என்பது இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்டது. ஆகவே இந்த வழிகாட்டி ஊசி குத்தும் இடத்தில் தொடங்கி, வார்டு மருத்துவரின் தொலைபேசி ஒலிப்பது வரை கடிகாரத்தைப் பார்த்தபடியே செல்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத் தொழில்நுட்பர்களையும் மகப்பேறு பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எப்போது இரத்தம் எடுக்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு வகுத்த வரையறைப்படி, கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கருச்சிதைவுக்குப் பின்னரோ, பிரசவத்தை அடுத்த நாட்களிலோ ஏற்படும் தொற்றினால் உறுப்புகள் செயலிழந்து உயிருக்கு ஆபத்து நேரும் நிலையே தாய்மைக் கால செப்சிஸ் ஆகும். இதை அடையாளம் காண்பது கடினம். கர்ப்பமே பல அளவுகளை மாற்றிவைக்கிறது. நாடித்துடிப்பு இயல்பாகவே கூடியிருக்கும். நடுமாதங்களில் இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும். வெள்ளணுக்கள் 15,000 வரை ஏறுவது நோயாகாது, பிரசவ வலியின்போது 25,000ஐத் தொடுவதும் உண்டு. கிரியேட்டினின் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. அது கர்ப்பத்தில் குறைந்துவிடுவதால், மற்றவர்களுக்கு இயல்பு என்று ஆய்வக அறிக்கையில் அச்சாகும் 1 மி.கி. அளவு, கர்ப்பிணிக்குச் சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். லாக்டேட் பிரசவ வலியின் உழைப்பாலும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் வலியில் இல்லாத பெண்ணுக்கு அது 2 மில்லிமோலைத் தாண்டியிருந்தால், அதற்குச் சமாதானம் தேடிக்கொண்டிராமல் கல்ச்சர் (இரத்தத்தைக் குப்பியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட வேண்டும். காய்ச்சல் இல்லாததைக் கொண்டு தொற்று இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. கடுமையான செப்சிஸில் உடல் குளிர்ந்துபோவதும் உண்டு.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்த அளவான சி.ஆர்.பி. கர்ப்பத்திலேயே சற்று உயர்ந்திருக்கும். சிசேரியனுக்குப் பின் இன்னும் ஏறும். புரோகால்சிடோனின் என்ற மற்றோர் இரத்த அளவு அதைவிட நம்பகமானது என்றாலும், அது குறைவாக இருப்பதைக் காட்டித் தொற்றை விலக்கிவிட இயலாது. இவ்விரண்டின் முடிவுக்காகவும் கல்ச்சரை நிறுத்திவைக்க வேண்டாம்.

ஊசி குத்தும் இடத்தில்

இரு கைகளிலிருந்து இரண்டு செட், ஒவ்வொரு செட்டிலும் காற்றுள்ள குப்பி ஒன்றும் காற்றில்லாக் குப்பி ஒன்றும், ஒவ்வொரு குப்பியிலும் 8 முதல் 10 மி.லி. வரை என்பதே வயது வந்தோருக்கான அளவு. "ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணிடம் 40 மி.லி. எடுப்பதா?" என்று செவிலியர்கள் தயங்குவதை அடிக்கடி காண்கிறேன். நிறைமாத கர்ப்பிணியின் உடலில் ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறு லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் 40 மி.லி. என்பது நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மறுபுறம், செப்சிஸ் உள்ள பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மி.லி.க்குப் பத்துக்கும் குறைவான, சில வேளைகளில் ஒன்றுக்கும் குறைவான பாக்டீரியாவே இருக்கும். 2 மி.லி. இரத்தம் விட்ட குப்பியில் நோய்க்கிருமி வளரவில்லை என்றால் அது சூதாட்டத்தில் தோற்றதற்குச் சமம். அதைச் சோதனையின் முடிவாகக் கொள்ளக் கூடாது.

குப்பியின் வெற்றிடம் தேவைக்கு அதிகமாகவும் இரத்தத்தை இழுக்கும் என்பதால், குத்துவதற்கு முன்பே லேபிளில் 10 மி.லி. எங்கே வரும் என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வார்டுகள் எவ்வளவு இரத்தம் விடுகின்றன என்று ஆய்வகம் அறிய விரும்பினால், வெற்றுக் குப்பியையும் நிரம்பிய குப்பியையும் தராசில் வைத்தாலே போதும், ஒரு மி.லி. இரத்தத்தின் எடை ஏறத்தாழ 1.06 கிராம்.

தோலை 70 விழுக்காடு ஆல்கஹாலில் கலந்த 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடினால் தேய்த்து, அது தானாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். கிருமியைக் கொல்வதில் பாதி வேலை அந்த உலரும் நேரத்தில்தான் நடக்கிறது. அவசரத்தில் ஊதி உலர்த்துவதும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொட்டு நரம்பைத் தேடுவதும் எல்லாவற்றையும் வீணாக்கும். குப்பியின் ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியால் எடுத்தால் அதன் குழாயில் காற்று நிற்பதால் காற்றுள்ள குப்பியை முதலில் நிரப்ப வேண்டும். சிரிஞ்சால் எடுத்தால் காற்றில்லாக் குப்பியை முதலில். மற்ற சோதனைக் குழாய்கள் எல்லாம் இவற்றுக்குப் பின்னரே. முன்பே போட்டிருக்கும் சலைன் ஊசியிலிருந்து இரத்தம் இழுக்க வேண்டாம்.

செலவைக் காரணம் காட்டிக் காற்றில்லாக் குப்பியைத் தவிர்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மற்ற நோயாளிகளிடம் அதற்கு ஏதேனும் நியாயம் சொல்லலாம், மகப்பேறு பிரிவில் சொல்ல முடியாது. கருப்பைத் தொற்றுகளில் பாக்டீராய்ட்ஸ், பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற காற்றில்லா வகைகளுக்குப் பங்கு உண்டு, ஈ.கோலையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும்கூடச் சில வேளைகளில் அந்தக் குப்பியில்தான் முந்திக்கொண்டு வளரும். இரத்தம் உறையாமலிருக்கக் குப்பியில் சேர்க்கும் எஸ்.பி.எஸ். என்ற வேதிப்பொருள், கார்ட்னெரெல்லாவையும் சில பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளையும் கொனோரியா கிருமியையும் ஒடுக்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெண்ணுறுப்புப் பாதையிலிருந்து வரும் கிருமிகளே இவை என்பதுதான் இதில் உள்ள இடர்.

இரு கைகளிலும் அடுத்தடுத்து எடுத்து முடித்தவுடன் ஆண்டிபயாடிக்கைத் தொடங்கிவிடலாம். செப்சிஸ் என்று சந்தேகம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது, மருந்தின் அவசரத்தில் கல்ச்சரை விட்டுவிடவும் கூடாது. பனிக்குடம் உடைந்ததற்காக ஆம்பிசிலினோ, சிசேரியனுக்காக செஃபசோலினோ முன்பே போட்டிருந்தால் அதைக் கோரிக்கைப் படிவத்தில் எழுத வேண்டும். மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் பிசின் மணிகள் கொண்ட குப்பிகள் அப்போது உதவும். எத்தனையாவது வாரம், பனிக்குடம் எப்போது உடைந்தது, பிரசவம் ஆகி எத்தனை நாள் என்ற மூன்றையும் படிவத்தில் கேட்டுப் பெறுங்கள். "காய்ச்சல்" என்று ஒற்றைச் சொல் மட்டும் எழுதி வரும் படிவத்தை வைத்துக்கொண்டு, கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் ஸ்லைடைப் பொருள்கொள்ள இயலாது.

சிறுநீர், கருப்பைவாய் ஸ்வாப், புண் சீழ், தேவையானால் தொண்டை ஸ்வாப், மார்பில் கட்டி இருந்தால் தாய்ப்பால் என்று தொற்று எங்கிருந்து கிளம்பியதோ அந்த மாதிரிகளையும் அதே நேரத்தில் அனுப்ப வேண்டும். பிரசவம் ஆகிவிட்டால் நஞ்சுக்கொடியையும் குப்பையில் போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

குப்பி கருவியை அடையும்வரை

குப்பியை அறை வெப்பநிலையில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கருவியில் ஏற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிருமி சாகக்கூடும். "சூடாக இருக்கட்டுமே" என்று சாதாரண இன்குபேட்டரில் வைப்பது அதைவிட ஏமாற்றக்கூடியது. ஈ.கோலை போன்றவை அங்கேயே வளர்ந்து முடிந்து, கருவியில் ஏறும்போது வேகமாகப் பெருகும் கட்டத்தைத் தாண்டியிருக்கும். கரியமில வாயு கூடிவரும் மாற்றத்தைக் கொண்டே வளர்ச்சியைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அப்போது மாற்றம் எதுவும் தென்படாமல், வளர்ச்சி இல்லை என்று ஐந்து நாளும் பொய் சொல்லும். இரவில் நுண்ணுயிரியலாளர் இல்லாத மருத்துவமனைகளில், உயிர்வேதியியல் பிரிவின் இரவுப் பணியாளருக்குக் குப்பியின் பார்கோடை ஸ்கேன் செய்து உள்ளே வைக்கக் கற்றுக்கொடுங்கள். பத்து நிமிடப் பயிற்சி போதும்.

தானியங்கிக் கருவி இல்லாத சிறிய மருத்துவமனைகளில் குப்பியை 35 முதல் 37 டிகிரியில் வைத்து, கலங்கல், வாயுக் குமிழ், இரத்தம் சிதைந்து சிவத்தல் ஆகியவற்றைக் காலை மாலை பார்ப்பதோடு, எதுவும் தெரியாவிட்டாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை சாக்லேட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் மறுவளர்ப்பு செய்துவிட வேண்டும்.

கருவி ஒலித்தவுடன்: கிராம் ஸ்லைடு

விரைவுச் சோதனைகளிலெல்லாம் மிக மலிவானதும், என் கணிப்பில் மிகப் பயனுள்ளதும் இதுவே. ஈ.கோலையும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸும் பெரும்பாலும் அரை நாள் வாக்கிலேயே கருவியை ஒலிக்கவைத்துவிடும். இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் குப்பியை மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, மூடியை ஆல்கஹாலால் துடைத்து, ஒரு துளியை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பி, தீயில் காட்டாமல் மெத்தனாலால் நிலைநிறுத்துங்கள். இரத்தம் கலந்த ஸ்மியரில் தீ சிதைவையே கூட்டும். இரத்த அகார், மக்கான்கி, சாக்லேட் ஆகிய தட்டுகளில் தீட்டுவதையும் அதே அமர்வில் முடித்துவிட வேண்டும்.

சங்கிலியாய்க் கோத்த ஊதா நிற (அதாவது கிராம் பாசிடிவ்) உருண்டைகள் தெரிந்தால், பிரசவமான பெண்ணிடம் முதலில் நினைக்க வேண்டியது ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் பிரசவக் காய்ச்சலின் காரணம் பற்றிய விவாதத்தின் நடுவே எழுந்த பாஸ்டர், கரும்பலகையில் வரைந்து காட்டியது இந்தச் சங்கிலியைத்தான். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் கைகழுவச் சொல்லித் தாய்மார்களைக் காப்பாற்றியிருந்தார், கிருமியின் முகத்தைப் பார்க்காமலேயே. இந்தக் கிருமியின் வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான். காலையில் லேசான வயிற்றுவலி என்று சொன்ன பெண் மாலைக்குள் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். ஆகவே பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் "சங்கிலி வடிவக் கிராம் பாசிடிவ் உருண்டைகள், ஏ வகையாக இருக்கலாம்" என்று அப்போதே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

கொத்துக்கொத்தான உருண்டைகள் ஒரே ஒரு குப்பியில் மட்டும், அதுவும் ஒரு நாள் கழிந்து வந்தால், தோலிலிருந்து கலந்த ஸ்டஃபைலோகாக்கஸாக இருக்கலாம். நான்கு குப்பியிலும் வந்தால் அப்படி ஒதுக்க இயலாது. ஆபத்தான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் பிரித்தறியக் குப்பி இரத்தத்திலேயே குழாய்க் கோயாகுலேஸ் சோதனையைத் தொடங்கிவிடலாம். சிவப்புக் குச்சிகள் என்றால் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் முதலில் நினைவுக்கு வரும். கருக்கலைப்புக்குப் பின் வந்த பெண்ணின் குப்பியில் இரத்தம் சிதைந்து, ஸ்லைடில் பெட்டி போன்ற பருத்த ஊதாக் குச்சிகள் தெரிந்தால் அது கிளாஸ்ட்ரிடியமாக இருக்கக்கூடும். அங்கே மணிக்கணக்கு நிமிடக் கணக்காகிவிடும்.

சிறிய ஊதாக் குச்சிகள் குறித்துச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் குப்பிகளுள் ஒன்றில் மட்டும் அத்தகைய குச்சிகள் தெரிந்தன. "டிப்தீராய்டு, தோல் கலப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். மறுநாள் இரத்த அகாரில் காலனிகள் பனித்துளி போல் இருந்தன. காலனியை விரல் நுனியளவு ஒதுக்கிப் பார்த்தபோதுதான் அதன் அடியில் மெல்லிய இரத்தச் சிதைவு வளையம் தெரிந்தது. திரவ ஊடகத்தில் 25 டிகிரியில் வளர்த்து ஈர ஸ்லைடில் பார்த்தபோது குச்சிகள் குட்டிக்கரணம் போட்டன. லிஸ்டீரியா. அந்தப் பெண் அதுவரை செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியில் இருந்தார். எந்த செஃபலோஸ்போரினும் லிஸ்டீரியாவிடம் வேலை செய்யாது, ஆம்பிசிலின்தான் வேண்டும். கர்ப்பிணியின் இரத்தக் குப்பியில் ஒரே ஒரு கிராம் பாசிடிவ் குச்சி தெரிந்தாலும், வேறு என்று நிரூபணமாகும்வரை அது லிஸ்டீரியாதான் என்ற விதியை அன்றிலிருந்து மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறேன். இது இரட்டை உருண்டை போலவும் தெரியும், சாயம் அதிகமாக வெளுத்தால் சிவப்பாகவும் தெரியும் என்பதால் காடலேஸ் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். லிஸ்டீரியா காடலேஸ் பாசிடிவ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நெகடிவ்.

பெயரை உறுதிசெய்தல்

கிருமியின் புரதங்களை எடைபார்த்துப் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி உள்ள இடங்களில் இரண்டு வழிகள் உண்டு. குப்பியின் இரத்தத்தில் சிவப்பணுக்களைச் சப்போனின் போன்ற பொருளால் உடைத்து, கழுவி, கிருமி வண்டலை நேராக வைப்பது ஒரு வழி. சாக்லேட் அகாரில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வளர்ந்த மெல்லிய படலத்தைத் தட்டிலிருந்து வழித்து வைப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் தனிச் செலவு இல்லை. நான் பரிந்துரைப்பது அதையே. கருவிக்கு ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்தறியத் தெரியாது. நிமோகாக்கஸையும் வாயில் வாழும் அதன் உறவினரையும் குழப்பிக்கொள்ளும். இரண்டு கிருமிகள் கலந்த குப்பியில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடும். ஸ்லைடில் இரு வடிவங்களைப் பார்த்திருந்தால் கண்ணை நம்புங்கள்.

கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இளம் காலனியில் சில நிமிடங்களில் முடியும் பி.ஒய்.ஆர். சோதனையோடு லேட்டக்ஸ் குழுப்பிரிப்பும் சேர்ந்தால் ஏ வகையையும் பி வகையையும் எண்டரோகாக்கஸையும் பிரித்துவிடலாம்.

எந்த மருந்து கேட்கும்

மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்கு விதி வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் 2018இல் வெளியிட்ட விரைவு முறை, தட்டும் மருந்து தோய்ந்த டிஸ்க்கும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. கருவி ஒலித்த குப்பியிலிருந்து நீர்க்காத இரத்தக் குழம்பு சுமார் 125 மைக்ரோ லிட்டரை முல்லர்-ஹின்டன் அகாரில் நேராகப் பரப்பி, டிஸ்க் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டங்களை 4, 6, 8 மணி நேரங்களில் அளக்க வேண்டும். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் அளவுகோல் வேறு என்பதால், கிருமியின் பெயர் தெரியாமல் வட்டத்தைப் படிக்கக் கூடாது. இடைப்பட்ட ஐயப் பகுதியில் விழும் வட்டத்தை அறிவிக்காமல் அடுத்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. முறையில் குப்பியிலிருந்து நான்கு துளியும் வேறு நேரக் கணக்கும் வருகின்றன. ஒன்றின் துளியை வைத்து மற்றதன் அட்டவணையைப் படிப்பது பெரும் பிழை.

நம் நாட்டில் கிளெப்சியெல்லா வந்துவிட்டால் எட்டு மணி நேரத்துக்கும் காத்திருக்க மனம் வராது. மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளான கார்பாபெனிமேஸ்களில் என்.டி.எம்., ஆக்ஸா-48 உள்ளிட்ட ஐந்து குடும்பங்களைப் பதினைந்து நிமிடத்தில் காட்டும் பட்டைச் சோதனை, கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போலவே கோடு காட்டுகிறது. கோடு வந்தால் மெரோபெனமை நம்ப வேண்டாம் என்று உடனே சொல்லலாம். கோடு வராததற்கு மருந்து கேட்கும் என்று பொருள் இல்லை. எதிர்ப்புக்கு வேறு வழிகளும் உண்டு.

ஏ, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு மேற்சொன்ன விரைவு அளவுகோல்கள் இல்லை. ஆனால் அவசியமும் குறைவு. பென்சிலின் இன்றும் அவற்றை வெல்கிறது. நச்சு உற்பத்தியை அடக்கக் கிளிண்டமைசின் சேர்ப்பார்கள் என்பதால், எரித்ரோமைசின் டிஸ்க்கை அருகில் வைத்து, கிளிண்டமைசினுக்கு மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் டி-சோதனை செய்து தர வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம். அறிக்கையில் கர்ப்பத்தில் தயங்காமல் தரத்தக்க பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பாபெனம் வகைகளை முன்னால் வையுங்கள். டாக்ஸிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் கேட்டால் மட்டும் தருவது நல்லது.

மூலக்கூறுப் பேனல்கள்

குப்பி ஒலித்த பின் செய்யும் பல்கிருமி பி.சி.ஆர். பேனல்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிருமியையும் முக்கிய எதிர்ப்பு மரபணுக்களையும் சொல்கின்றன. பயோஃபயரின் இரண்டாம் தலைமுறைப் பேனலில் 43 இலக்குகள் உண்டு; லிஸ்டீரியாவும் ஏ, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அவற்றுள் அடங்கும். குப்பி வளரும்வரை காத்திராமல் இரத்தத்திலிருந்தே நேராகப் பார்க்கும் டி2 பாக்டீரியா சோதனைக்கு அமெரிக்க அரசு 2018இல் அனுமதி அளித்தது. கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும், அதன் இலக்குகளில் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை, லிஸ்டீரியாவும் இல்லை. மகப்பேறு மருத்துவமனைக்கு வாங்குபவர் விலைக்கு முன் இலக்குப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

குப்பியில் வளராதவை

கல்ச்சர் நெகடிவ் என்பதால் செப்சிஸ் இல்லை என்று ஆகாது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர் மாதங்களிலும் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியிடம் ஸ்க்ரப் டைஃபஸை (உண்ணிக் காய்ச்சலை) மறக்கலாகாது. அதன் கிருமி செல்லுக்குள் மட்டுமே வாழ்வதால் எந்தக் குப்பியிலும் வளராது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கருகிய புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, ஐ.ஜி.எம். எலைசாவையோ புண் பொருக்கின் பி.சி.ஆரையோ செய்ய வேண்டும். மலேரியா, டெங்கு, லெப்டோஸ்பைரா சோதனைகளும் உடன் போகட்டும்.

தொலைபேசியும் பதிவேடும்

கிராம் முடிவை ஸ்லைடு பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தரும் மருத்துவரிடமே சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லவைத்து, பெயரையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். வார்டில் தொலைபேசியை எடுத்தவர் யாரோ அவரிடம் சொல்லிவிட்டு வைப்பது முடிவைச் சொன்னதாகாது. குழந்தை பிறந்திருந்தால் இரண்டாவது அழைப்பு குழந்தைகள் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தாயின் இரத்தத்தில் ஏ, பி வகையோ லிஸ்டீரியாவோ வந்திருந்தால் சிசுவையும் அன்றே பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஏ வகை என்றால் மூன்றாவது அழைப்பு தொற்றுத் தடுப்புச் செவிலியருக்கு.

ஒவ்வொரு குப்பிக்கும் இரத்தம் எடுத்தது, ஆய்வகம் வந்தது, கருவியில் ஏற்றியது, கருவி ஒலித்தது, தொலைபேசியில் சொன்னது என ஐந்து நேரங்களைப் பதிவேட்டில் எழுதுங்கள். முதல் மாதம் வேறெதையும் அலசாமல், இரவு எட்டு மணிக்கு மேல் எடுத்த குப்பிகளில் முதல் நேரத்துக்கும் மூன்றாம் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளோடு கண்காணிப்பாளரைச் சந்தித்து இரவுப் பணியாளரைக் கேளுங்கள். பேனலுக்கான விலைப்புள்ளியை அதற்கு அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம்.